முட்டை, மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ்: கடை ஊரை விட்டு வெளியே போன கதை

இன்னைக்கு கதை 1984 மே மாசம், இங்கிலாந்தோட வடகிழக்குல இருக்கிற கேட்ஸ்ஹெட் என்ற ஊர்ல ஆரம்பிக்குது. டைன் ஆற்றோட வடகரையில நியூகாஸில், தென்கரையில கேட்ஸ்ஹெட். நியூகாஸில் பேரு ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். கேட்ஸ்ஹெட்டை யாரும் பெருசா கண்டுக்கிறது இல்லை. ஆனா கடை, ஷாப்பிங்னு வந்தா, இந்தச் சின்ன ஊர்ல நடந்த விஷயங்கள் நம்ம போன்ல இருக்கிற ஆப் வரைக்கும் வந்து நிக்குது.

அந்த ஊர்ல 72 வயசு பாட்டி ஒருத்தர் தன் வீட்டு டிவி முன்னாடி உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து மூணு பொருள் ஆர்டர் பண்றார். மார்ஜரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை. வீட்ல எல்லாரும் வெச்சிருக்கிற மாதிரியான டிவியைத்தான் டெலிபோன் லைன் வழியா ஒரு கம்ப்யூட்டரோட இணைச்சிருந்தாங்க. ஆர்டர் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனது, சாமான் வீட்டு வாசலுக்கு வந்தது. வீட்ல இருந்தபடியே ஆன்லைன்ல மளிகை வாங்கினதுக்கு முதல் உதாரணம்னு பல பேர் இதைத்தான் சொல்றாங்க.

இதுக்குப் பின்னாடி இருந்த டெக்னாலஜியை 1979-ல உருவாக்கினவர் மைக்கேல் ஆல்ட்ரிச். மனைவியோடயும் நாயோடயும் வாக்கிங் போகும்போது, வாராவாரம் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் வர்ற தொல்லையைப் பத்திப் பேசினதுலதான் இந்த ஐடியா வந்ததுன்னு அவரே சொல்லியிருக்கார். அதைக் கேட்ஸ்ஹெட் நகர கவுன்சில் எடுத்துக்கிட்டது. யாருக்காக? வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, கடைக்குப் போய் வர முடியாதவங்களுக்காக.

இப்ப ரெண்டு வருஷம் தள்ளி வாங்க. 1986. அதே கேட்ஸ்ஹெட். ஊர் மையத்துல இருந்து சில கிலோமீட்டர் மேற்கே, மெட்ரோசென்டர்னு ஒரு பிரம்மாண்டமான மால் திறக்குது. ஆயிரக்கணக்கான கார்கள் நிறுத்த இடம், பார்க்கிங் இலவசம்.

ஒரே ஊர், ரெண்டே வருஷ இடைவெளி. முதல் திட்டம், கடைக்குப் போக முடியாதவங்களை நோக்கிக் கடையைக் கொண்டு வந்தது. ரெண்டாவது திட்டம், கடையையே தூக்கி கார் இருக்கிறவங்களுக்கு வசதியான இடத்துல வெச்சது. அடுத்த பல வருஷம் ஜெயிச்சது எதுன்னு உங்களுக்கே தெரியும். அது எப்படி நடந்தது, அதுக்கான விலையைக் கொடுத்தது யாருங்கிறதுதான் இந்த எபிசோட்.

தெருமுனைக் கடையின் காலம்

மால் வர்றதுக்கு முன்னாடி பிரிட்டன்ல மக்கள் எப்படிச் சாமான் வாங்கினாங்கன்னு முதல்ல பார்ப்போம். தெருமுனையில ஒரு மளிகைக் கடை. பக்கத்துலயே கறிக்கடை, ரொட்டிக்கடை, காய்கறிக் கடை. கொஞ்சம் தள்ளி ஒரு கோ-ஆப், அதாவது கூட்டுறவுக் கடை. வீட்டம்மா கையில கூடையோட கிட்டத்தட்ட தினமும் போவாங்க. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சர்க்கரையை எடை போட்டுப் பொட்டலம் கட்டித் தருவார். கையில காசு இல்லைன்னா கடன் சொல்லிக்கலாம். கடைக்காரர் நோட்டுல எழுதிக்குவார், வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் கட்டணும். நம்ம அண்ணாச்சி கடை நோட்டேதான், மொழி மட்டும்தான் வேற.

இதைக் கேட்டா 'அந்தக் காலத்து மக்களுக்கு அக்கம்பக்கம் மேல எவ்வளவு பாசம்'னு தோணும். பாசம் இருந்திருக்கலாம். ஆனா அவங்க தினமும் தெருமுனைக்குப் போனதுக்கு வேற நாலு காரணம் இருந்தது.

முதல் காரணம், ரேஷன். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல 1940-ல ஆரம்பிச்ச உணவு ரேஷன் 1954 வரைக்கும் நீடிச்சது. வெண்ணெய், சர்க்கரை, கறி மாதிரி பொருட்களுக்கு நீங்க ஒரு குறிப்பிட்ட கடையில உங்க பேரைப் பதிவு செய்யணும். வேற கடையில விலை குறைவா இருந்தாலும் ஓடிட முடியாது. அதாவது தெருமுனைக் கடைக்கு வாடிக்கையாளரைக் கட்டிப் போட்டதே அரசாங்கம்தான்.

ரெண்டாவது, விலை. அப்ப ஒரு பொருளைக் கடைக்காரர் என்ன விலைக்கு விக்கணும்னு பெரும்பாலும் அதைத் தயாரிக்கிற கம்பெனியே முடிவு செய்யலாம். பெரிய கடையோ சின்ன கடையோ, ஒரே விலை. அப்படின்னா பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய் என்ன லாபம்?

மூணாவது, ஃப்ரிட்ஜ். 1950-கள்ல பெரும்பாலான பிரிட்டிஷ் வீடுகள்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. வாங்கின பால் நாளைக்கு மறுநாள் திரிஞ்சு போகும்.

நாலாவது, கார். 1951-ல ஏழு வீட்டுக்கு ஒரு வீட்லதான் கார் இருந்தது. கையால எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவுதான் வாங்க முடியும்.

கோட் எழுதுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது ஸ்ட்ரீம். கொஞ்சம் கொஞ்சமா, வந்துக்கிட்டே இருக்கும். வீட்ல சேமிச்சு வைக்க இடம் இல்லாததால, கடைதான் உங்க ஸ்டோர் ரூம். தெருவுல இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டோர் ரூம்.

நாலு முடிச்சும் அவிழ்ந்தபோது

அடுத்த இருபது வருஷத்துல இந்த நாலு முடிச்சும் ஒவ்வொண்ணா அவிழ்ந்தது. 1954-ல ரேஷன் முடிஞ்சது. 1964-ல எட்வர்ட் ஹீத் அமைச்சரா இருந்தப்ப கொண்டு வந்த சட்டம், தயாரிப்பாளர் விலையைக் கட்டிப் போடுற முறைக்கு ஏறக்குறைய முடிவு கட்டியது. அதுக்கப்புறம் மொத்தமா வாங்கி விலையைக் குறைச்சு விக்கிற பெரிய கடைக்கு ஒரு காரணம் கிடைச்சது, அங்க தேடிப் போறதுக்கு மக்களுக்கும் ஒரு காரணம் கிடைச்சது. 1970-கள் ஆரம்பத்துல பெரும்பாலான வீடுகள்ல ஃப்ரிட்ஜ் வந்துடுச்சு, சுமார் பாதி வீடுகள்ல கார் வந்துடுச்சு. இன்னொரு பெரிய மாற்றம், கல்யாணமான பெண்கள் நிறைய பேர் வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. தினமும் காலையில கூடையைத் தூக்கிக்கிட்டு நாலு கடை ஏறி இறங்க நேரம் இல்லை.

கடைகளும் மாறிக்கிட்டே இருந்தது. 1950-ல செயின்ஸ்பரி, லண்டனை ஒட்டின க்ராய்டன்ல தன்னோட முதல் சுயசேவைக் கடையைத் திறந்தது. அதாவது கவுன்ட்டர் கிடையாது, நீங்களே எடுத்துக் கூடையில போட்டுக்கணும். 1972-ல ஃபிரெஞ்சு கம்பெனி கார்ஃபூர், வேல்ஸ்ல கேர்ஃபில்லிங்கிற ஊர்ல பிரிட்டனோட முதல் ஹைப்பர்மார்க்கெட்டைத் திறந்தது. 1976-ல லண்டன் வடக்குப் பக்கம், பெரிய சாலைகள் சந்திக்கிற இடத்துல, ப்ரென்ட் கிராஸ் மால் வந்தது. சிட்டி மையத்துல இல்லாம, காரை மனசுல வெச்சுக் கட்டின மால் அது.

ஸ்ட்ரீம் இப்ப பேட்ச் ஆச்சு. வாரம் ஒரு தடவை, பெரும்பாலும் வெள்ளி சாயங்காலமோ சனிக்கிழமையோ, குடும்பமா கார்ல போய், ட்ராலி நிறைய அள்ளிக்கிட்டு வந்து, ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் நிரப்பிடுவாங்க. ஸ்டோர் ரூம் கடையில இருந்து வீட்டுக்கு இடம் மாறிடுச்சு. கவனிங்க, அந்தச் செலவும் சேர்ந்து இடம் மாறிடுச்சு. ஃப்ரிட்ஜ் வாங்கினது நீங்க, கரன்ட் பில் கட்டுறது நீங்க, கார் உங்களோடது, பெட்ரோல் உங்களோடது, வண்டி ஓட்டி மூட்டை தூக்குற வேலையும் உங்களோடது. விலை குறைஞ்சதுல ஒரு பகுதி, முன்னாடி கடைக்காரர் செஞ்ச வேலையை நாம செய்ய ஆரம்பிச்சதால வந்தது.

சாம்பல் மேட்டில் ஒரு மால்

கேட்ஸ்ஹெட்டுக்குத் திரும்புவோம். அந்த ஊரோட மையத்துலயும் ஒரு ஷாப்பிங் சென்டர் இருந்தது, டிரினிட்டி ஸ்கொயர். 1960-கள் கடைசியில கட்டினது. அதுக்கு மேல அடுக்கடுக்கா ஒரு கான்கிரீட் கார் பார்க்கிங். மைக்கேல் கேய்ன் நடிச்ச 1971 படம் 'கெட் கார்ட்டர்' பார்த்தவங்களுக்கு அந்தக் கட்டிடம் ஞாபகம் இருக்கும். உச்சியில ஒரு ரெஸ்டாரன்ட்டுக்கு இடம் விட்டிருந்தாங்க, அது கடைசி வரைக்கும் திறக்கவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூகாஸில் நடுவுல, 1976-ல எல்டன் ஸ்கொயர்னு ஒரு பெரிய மால் வந்தது. கேட்ஸ்ஹெட் மையம் ஏற்கனவே திணறிக்கிட்டுதான் இருந்தது. இந்த நேர்மை நமக்கு வேணும். ஊருக்கு வெளியே மால் வந்த அன்னைக்குத்தான் எல்லாம் கெட்டுப் போச்சுன்னு சொன்னா அது பொய்.

ஆனா மெட்ரோசென்டர் வந்த விதத்தைப் பாருங்க. 1980-கள்ல மார்கரெட் தாட்சர் அரசு 'என்டர்பிரைஸ் ஸோன்'னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. சுரங்கமும் தொழிற்சாலையும் மூடி வேலை போன பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்க தொழில் தொடங்கினா பத்து வருஷத்துக்கு வியாபார இடத்துக்கான வரி கிடையாது, அனுமதி வாங்குறதும் சுலபம்னு அறிவிச்சாங்க. டைன் ஆற்றங்கரையிலயும் 1981-ல அப்படி ஒரு ஸோன் வந்தது. அதுக்குள்ள ஒரு பழைய அனல் மின் நிலையத்தோட சாம்பல் கொட்டின சதுப்பு நிலம் இருந்தது. யாருக்கும் வேண்டாத இடம். ஜான் ஹால்னு ஒரு தொழிலதிபர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட மகன், அதை வாங்கி மால் கட்டினார். அப்புறம் நியூகாஸில் யுனைடெட் கிளப்போட சேர்மன் ஆனவரும் இவர்தான்.

திட்டத்தோட நோக்கம் மூடின தொழிற்சாலைக்குப் பதிலாப் புதுத் தொழில் வரணும்ங்கிறது. வந்தது மால். டெவலப்பர் விதியை மீறலை, விதியில எழுதியிருந்ததைச் சரியாப் படிச்சுப் பயன்படுத்தினார். ஊர் மையத்துல இருந்த கடைக்காரர் முழு வரி கட்டினார், சில கிலோமீட்டர் தள்ளி இருந்த போட்டியாளருக்கு 1991 வரைக்கும் அந்த வரி இல்லை. இதைப் 'போட்டியில தோத்துட்டாங்க'ன்னு சொல்றது நியாயமா?

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன்னோட முதல் ஊர்ப்புறக் கடையை மெட்ரோசென்டர்லதான் திறந்தது. அவ்வளவு நாளும் ஊரோட முக்கியத் தெருன்னா அங்க மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இருக்கும்ங்கிறது பிரிட்டன்ல ஒரு அடையாளம் மாதிரி. அந்த அடையாளம் இப்ப ஊருக்கு வெளியே வந்துடுச்சு.

இங்க ஷாப்பிங் பழக்கமே வேற மாதிரி இருந்தது. மளிகைக்கு வாரம் ஒரு தடவைன்னா, துணிமணிக்கும் பொழுதுபோக்குக்கும் அரை நாள் முழுசா ஒதுக்கி வர்ற இடமா இது ஆச்சு. வெளியே மழை, உள்ளே இதமான சூடு. 1988-ல மாலுக்குள்ளயே மெட்ரோலேண்ட்னு ஒரு தீம் பார்க் வந்தது. மெடிட்டரேனியன் கிராமம் மாதிரி அலங்கரிச்ச பகுதி ஒண்ணு இருந்தது. தெருமுனைக் கடைக்கு ஒரு பொருள் தேவைப்பட்டாதான் போவோம். மாலுக்குப் போறதுக்கு எந்தப் பொருளும் தேவைப்பட வேண்டாம். போய்ட்டு என்ன வாங்குறதுன்னு முடிவு பண்ணிக்கலாம். ரெண்டுக்கும் பேரு 'ஷாப்பிங்'தான், ஆனா ரெண்டும் வேற வேற வேலை.

ஒரு தெருக் கணக்கு

இப்ப ஒரு கேள்வி. மெட்ரோசென்டரும் சூப்பர் ஸ்டோரும் வந்தப்புறமும் மக்கள் தெருமுனைக் கடைக்குப் போய்க்கிட்டுதானே இருந்தாங்க? பால் தீர்ந்தா, ரொட்டி மறந்தா அங்கதானே ஓடினாங்க? அப்புறம் ஏன் அத்தனை கடை மூடிச்சு?

ஒரு கற்பனைத் தெருவை எடுத்துக்குவோம். 100 வீடு, ஒரு கடை. எல்லா வீடும் மளிகைக்கு ஒரே அளவு செலவு பண்றாங்கன்னு வெச்சுக்குங்க. 60 வீட்ல கார் இருக்கு. இது இஷ்டத்துக்குப் போட்ட நம்பர் இல்லை. 1981 சென்சஸ்படி பிரிட்டன்ல சுமார் 40% வீடுகள்ல கார் கிடையாது. கார் இருக்கிற 60 வீடும் தங்களோட மளிகையில முக்கால் பங்கை ஊருக்கு வெளியே வாங்க ஆரம்பிக்கிறாங்க. மீதி கால் பங்கை இன்னமும் இந்தக் கடையிலதான் வாங்குறாங்க.

கடைக்காரர் கண்ணுக்கு என்ன தெரியும்? பழைய முகங்கள் எல்லாம் வந்துக்கிட்டுதான் இருக்கு. ஒருத்தர் கூட கடையை விட்டுப் போகலை. ஆனா 60 வீட்டோட முக்கால் பங்குன்னா 45. அவரோட விற்பனையில 45% காணோம். கடை வாடகை 45% குறையுமா? கரன்ட் பில் குறையுமா? குறையாது.

அப்ப அவர் என்ன செய்வார்? மெதுவா விக்கிற பொருட்களை நிறுத்துவார். முதல்ல போறது காய்கறியும் பழமும், ஏன்னா விக்கலைன்னா அழுகிடும். நிக்கிறது சிகரெட், சாக்லேட், டின் உணவு. இருக்கிற பொருளுக்கு விலையைக் கொஞ்சம் ஏத்துவார். விலை ஏறினதும் கார் வெச்சிருக்கிறவங்க வாங்குற கால் பங்கும் சுருங்கும். லூப் திரும்ப ஓடும்.

இந்தக் கணக்குல கார் இல்லாத அந்த 40 வீட்டைப் பாருங்க. அவங்க எந்தப் பழக்கத்தையும் மாத்திக்கலை. அதே கடை, அதே கூடை. ஆனா அவங்களுக்குக் கிடைக்கிற பொருள் குறைஞ்சுடுச்சு, விலை ஏறிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த முடிவோட பில் இவங்க வீட்டுக்கு வருது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. தன் குடும்பத்துக்குச் சரியான முடிவைத்தான் எடுத்தார்.

இன்னொரு விஷயம். கார் 'இருக்கிற' வீட்லயும் பகல்ல கார் யார்கிட்ட இருக்கும்? பெரும்பாலும் வேலைக்குப் போன புருஷன்கிட்ட. குழந்தையை வெச்சுக்கிட்டு வீட்ல இருக்கிற அம்மாவைப் பொறுத்த வரைக்கும் அதுவும் கார் இல்லாத வீடுதான்.

'பஸ்ல போலாமே?' மெட்ரோசென்டர் அந்த விஷயத்துல மத்த பல மால்களை விடப் பரவாயில்லை. பஸ் நிலையம் இருந்தது, 1987-ல தனி ரயில் நிலையமே வந்தது. ஆனா ஒரு வார மளிகையைத் தூக்கிக்கிட்டு, கையில ஒரு குழந்தையோட பஸ் ஏறிப் பாருங்க, தெரியும். அதுவும் இல்லாம, லண்டன் தவிர மத்த இடங்கள்ல பஸ் சேவையைத் தனியார் போட்டிக்குத் திறந்து விட்டது 1986 அக்டோபர்ல. மால் வந்த அதே வருஷம். அதுவரைக்கும் அந்தப் பகுதியில பஸ்ஸும் மெட்ரோ ரயிலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி ஒரே திட்டமா ஓடிக்கிட்டு இருந்தது. அந்த ஏற்பாடு உடைஞ்சது.

இது கேட்ஸ்ஹெட் கதை மட்டும் இல்லை. பர்மிங்ஹாம் பக்கத்துல டட்லின்னு ஒரு ஊர். 1982-ல அங்க இருந்த ரவுண்ட் ஓக் இரும்பு ஆலை மூடிச்சு. பக்கத்துல இதே மாதிரி ஒரு என்டர்பிரைஸ் ஸோன், அதுக்குள்ள மெர்ரி ஹில்னு ஒரு மால். 1990-ல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் டட்லி மையத்துல இருந்த கடையை மூடிட்டு மெர்ரி ஹில்லுக்குப் போனது. பெரிய கடை போனா, அதுக்காக வந்த கூட்டத்தை நம்பியிருந்த சின்னக் கடைகளும் ஆடிப் போகும்.

அரசாங்கம் ரிவர்ஸ் கியர் போட்டது

1990-கள்ல பிரிட்டன்ல ஒரு புது வார்த்தை புழக்கத்துக்கு வந்தது, 'உணவுப் பாலைவனம்'. நல்ல காய்கறி, பழம் நியாயமான விலையில நடக்கிற தூரத்துல கிடைக்காத குடியிருப்புப் பகுதின்னு அர்த்தம். இத்தனைக்கும் நாட்டுல சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது.

சுவாரசியம் என்னன்னா, மாலுக்குக் கதவைத் திறந்து விட்ட அதே கன்சர்வேட்டிவ் கட்சி அரசுதான் கதவைச் சாத்தவும் செஞ்சது. ஜான் கம்மர் சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்தப்ப, 1996-ல ஒரு திட்ட வழிகாட்டுதல் வந்தது. அதோட சாரம் ரொம்ப எளிமை. பெரிய கடை கட்டணுமா? முதல்ல ஊர் மையத்துல இடம் தேடு. இல்லைன்னா மையத்தோட ஓரத்துல தேடு. அங்கயும் இல்லைன்னாதான் வெளியே. நம்ம பாஷையில சொன்னா 'இஃப், எல்ஸ் இஃப், எல்ஸ்'. அதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கினவங்க கட்டி முடிச்சாங்க. மான்செஸ்டர்ல டிராஃபோர்ட் சென்டர் 1998, கென்ட்ல ஒரு பழைய சுண்ணாம்புக் குவாரிக்குள்ள புளூவாட்டர் 1999. ஆனா புதுசா அனுமதி கிடைக்கிறது கஷ்டமாச்சு.

இன்னொரு சட்டம் 1994-ல வந்தது. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 280 சதுர மீட்டருக்கு மேல பெரிய கடைகள் ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். அதை விடச் சின்ன கடைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெரிய கம்பெனிகள் இதை நல்லாவே புரிஞ்சுக்கிட்டாங்க. வெளியே கட்ட முடியாதா? உள்ளே வருவோம், சின்னதா வருவோம். டெஸ்கோ எக்ஸ்பிரஸ் 1994-ல ஆரம்பிச்சது, செயின்ஸ்பரி லோக்கல் 1998-ல வந்தது. தெருமுனைக்குக் கடை திரும்ப வந்தது, ஆனா போர்டுல வேற பேர். அதே கம்பெனியோட பெரிய கடையை விட இந்தச் சின்ன கடையில பல பொருட்களுக்கு விலை கூடுதல். அதாவது கார் வெச்சு வர்றவருக்கு ஒரு விலை, நடந்து வர்றவருக்கு ஒரு விலை.

இந்த இடைப்பட்ட காலம் முழுக்கத் தெருமுனைக் கடையை உயிரோட வெச்சிருந்தது யாருன்னு ஒரு வரி சொல்லியே ஆகணும். 1972-ல இடி அமீன் உகாண்டால இருந்து துரத்தின குஜராத்திக் குடும்பங்கள்ல பல, 1983-க்கு அப்புறம் இலங்கையில இருந்து தப்பி வந்த தமிழர்கள்ல பலர். காலையில இருந்து ராத்திரி வரைக்கும், குடும்பமே மாத்தி மாத்தி கவுன்ட்டர்ல நின்னு ஓட்டின கடைகள் அவை. லண்டன்ல ராத்திரி பத்து மணிக்குப் பால் பாக்கெட் கிடைச்சா, அதைக் கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடை வந்தா எல்லாம் சரியாகிடுமா?

லீட்ஸ் நகரத்துல சீக்ராஃப்ட்னு ஒரு பெரிய கவுன்சில் குடியிருப்பு. 1960-கள்ல கட்டின அதோட ஷாப்பிங் சென்டர் சீரழிஞ்சு போய், 1999-ல இடிச்சுட்டு, அந்த இடத்துலயே 2000-ல ஒரு பெரிய டெஸ்கோ கட்டினாங்க. அதாவது ஊருக்கு வெளியே இருக்க வேண்டிய சைஸ் கடை, குடியிருப்புக்கு நடுவுல. ஆராய்ச்சியாளர்கள் கடை வர்றதுக்கு முன்னாடியும் வந்த பின்னாடியும் அங்க இருக்கிற மக்களைக் கேட்டுப் பதிவு செஞ்சாங்க. கடைக்கு நடந்து போறவங்க எண்ணிக்கை நல்லாவே கூடியிருந்தது. அதுக்கு முன்னாடி பழம், காய்கறி ரொம்பக் குறைவா சாப்பிட்டவங்க, புதுக் கடைக்கு மாறினப்போ கொஞ்சம் கூடுதலா சாப்பிட ஆரம்பிச்சாங்க. ஆனா மொத்தமாப் பார்த்தா மாற்றம் பெருசா இல்லை. கடை திரும்பி வந்தா போக்குவரத்துப் பழக்கம் சீக்கிரம் மாறுது. கையில காசு, சமைக்க நேரம், வீட்டுப் பழக்கம் இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கேட்ஸ்ஹெட் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? டிரினிட்டி ஸ்கொயர் கார் பார்க்கை 2010-ல இடிச்சாங்க. 2013-ல அதே இடத்துல புது டிரினிட்டி ஸ்கொயர் வந்தது. அதுல பெரிய கடை எது தெரியுமா? டெஸ்கோ. ஊரை விட்டு வெளியே ஓடின அதே வகைக் கடை, ஊர் நடுவுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம், மெட்ரோசென்டரையும் மெர்ரி ஹில்லையும் வெச்சிருந்த 'இன்டு' கம்பெனி, கோவிட் வந்த 2020 ஜூன்ல கடனைத் தாங்க முடியாம விழுந்தது. மால் மூடலை, இன்னமும் ஓடுது. கம்பெனிதான் போச்சு.

பாட்டிக்கு வந்த பெட்டி

கடைசியா அந்த 72 வயசு பாட்டி. அவர் ரிமோட்ல அமுக்கினது, ஒரு நகர கவுன்சில் தன் ஊர்ல இருக்கிற முடியாதவங்களுக்காகச் செஞ்ச ஏற்பாடு. அதே டெக்னாலஜி இன்னைக்கு நம்ம கையில இருக்கு. ஆனா நாம யாருக்காக அதை டிசைன் பண்றோம்? பெரும்பாலும் 'நேரம் இல்லாதவங்களுக்காக', அதாவது என்னை மாதிரி ஆட்களுக்காக. ஸ்மார்ட்போன் இல்லாத, ஆப்ல பாஸ்வேர்ட் மறந்து போற, சில்லறை கொடுத்து வாங்கிப் பழகின ஒரு பாட்டிக்கு இன்னைக்கும் தெருமுனைக் கடைதான் தேவை. அந்தக் கடை தாக்குப் பிடிக்கிறது அவர் வாங்குற மூணு பொருளால இல்லை. நான் மாசாமாசம் வாங்குற அரிசி, எண்ணெய், பருப்பு மூட்டையால. நான் அதை மட்டும் வேற இடத்துக்கு மாத்திட்டு, 'தயிர் பாக்கெட் அண்ணாச்சி கடையிலதானே வாங்குறேன்'னு சொன்னா, நம்ம கற்பனைத் தெருவுல காணாம போன அந்த 45% நான்தான்.

இதுக்காக ஆப்பை டெலீட் பண்ணுங்கன்னு சொல்ல வரலை. நானும் டெலீட் பண்ணலை. 1950-கள்ல தெருமுனைக்குப் போன பிரிட்டிஷ் மக்கள் நல்லவங்களும் இல்லை, 1986-ல மாலுக்குப் போனவங்க துரோகிகளும் இல்லை. ஃப்ரிட்ஜ், கார், வரிச் சலுகை, பஸ் ரூட், ஞாயித்துக்கிழமைச் சட்டம், இதெல்லாம் சேர்ந்து அவங்க கால் எந்தப் பக்கம் நடக்கணும்னு முடிவு பண்ணிச்சு. அதுல பாதி, யாரோ ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதின விதிகள். எழுதினதைத் திருத்தவும் முடிஞ்சதுன்னு 1996 காட்டுது. ஆனா திருத்தறதுக்குள்ள பத்து வருஷம் ஓடிப் போச்சு, அந்தப் பத்து வருஷத்துல கார் இல்லாத தெருக்கள்ல ஆப்பிள் கிடைக்கலை.

ஒரு சின்ன வேலை தரேன். இந்த மாசம் நீங்க வாங்கின மளிகையை மூணாப் பிரிச்சுப் பாருங்க. பெரிய கடையில எவ்வளவு, ஆப்ல எவ்வளவு, நடந்து போய் வாங்கினது எவ்வளவு. உங்க தெருக் கடைக்காரர்கிட்ட அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெச்சிருந்து இப்ப வெக்காத பொருள் என்னன்னு கேளுங்க. பதிலை எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல சிலதைப் படிக்கிறேன்.